ஊன்றுகோலும் துணைநாயும்: உதவியை ஏற்கக் கற்போம்



ஃபாரஸ்ட் கேட், மேனர் பார்க், ஈஸ்ட் ஹாம் பகுதிகளில் வாழும் எமது குடும்பங்களில் முதியோர் தொகை ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறது. இளமையில் இந்நாட்டுக்கு வந்து கடையிலும் தொழிற்சாலையிலும் இரவு பகலாக உழைத்தவர்களே இன்று கண் மங்கி, கால் தளர்ந்து, வீட்டுக்குள் இருக்கிறார்கள். திருவிழா நாட்களில் கோயிலுக்கு வந்தவர்கள் வராமல் விடுகிறார்கள். காரணம் கேட்டால், "பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்க விருப்பமில்லை" என்கிறார்கள். பிள்ளைகளைக் கேட்டால், "வெளியாரை வைத்துப் பார்க்கிறோம் என்று ஊர் சொல்லும்" என்கிறார்கள். இவ்விரண்டு சொற்களுக்கும் இடையில் ஒரு மனிதரின் வாழ்வு சுருங்கிப் போகிறது. ஆகவே, அன்றாட வாழ்வுக்குத் துணை நிற்கும் பயிற்சி பெற்ற நாய்களையும் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்களையும் பற்றி இம்முறை ஒரு பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. எமது சமயம் என்ன சொல்கிறது?

அறுபத்து மூவரில் ஒருவரான தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே கண் பார்வை அற்றவர். திருவாரூர்த் திருக்குளம் இடம் குறுகி வருவதைக் கேள்வியுற்று, அதைத் தாமே தோண்டிப் பெருப்பிக்கத் துணிந்தார். பார்வை இல்லாதவர் எப்படித் தோண்டுவது? குளத்தின் நடுவில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து கரையில் கொட்டினார். ஏளனம் செய்தவர்கள் தறியையும் கயிற்றையும் பிடுங்கி எறிந்தார்கள். பின்னர் இறைவன் அருளால் அவர் கண் பெற்றார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு.

கண் பெற்ற அற்புதத்தை நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்வது குறைவு. யாரும் கைப்பிடித்து அழைத்துப் போகாமலே, தாமே நடந்து தாமே தொண்டு செய்ய அவர் கண்ட உபாயம் அது. கயிற்றைப் பிடுங்கியவர்கள் அவருடைய உடலில் கை வைக்கவில்லை; அவருடைய சுதந்திரத்தில் கை வைத்தார்கள்.

சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறும் இதையே காட்டுகிறது. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டு நீங்கியபோது அவர் இரு கண்களையும் இழந்தார். திருவெண்பாக்கத்தில் இறைவன் அவருக்கு ஓர் ஊன்றுகோல் அளித்தார். காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பின்னரே கிடைத்தன. முதலில் கிடைத்தது கோல். பார்வை வரும்வரை நடப்பதற்கு ஒரு துணை வேண்டும் என்பது இறைவன் திருவுள்ளம். அந்தக் கோலைப் பெற்றுக்கொள்வதில் சுந்தரருக்கு இழிவு எதுவும் இருக்கவில்லை.

2. நாய் தீட்டா?

இந்தக் கேள்வியை ஒளிக்காமல் எடுத்துக்கொள்வோம். ஊரில் நாயை வாசலுக்கு வெளியே நிறுத்தி வளர்த்தவர்கள் நாம். விசர் நாய்க்கடியால் உயிர் இழந்தவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த அச்சத்துக்கு அங்கே தக்க காரணம் இருந்தது. ஆனால் பிரித்தானியாவில் நாய்களிடையே விசர்நோய் 1922ஆம் ஆண்டோடு ஒழிக்கப்பட்டு விட்டது. இங்கே பயிற்சி பெற்ற துணைநாய் தடுப்பூசி போடப்பட்டு, மிருக வைத்தியரால் ஒழுங்காகப் பரிசோதிக்கப்பட்டு, குளித்து, சீவி, குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் மட்டும் கழிவு கழிக்கப் பழக்கப்பட்ட பிராணி.

சமய மரபிலும் நாய்க்கு இடம் உண்டு. யாழ்ப்பாணத்தில் வயற்கரையிலும் ஒழுங்கை முகப்பிலும் வைரவர் கோயில் இல்லாத ஊர் உண்டா? அந்த வைரவரின் வாகனம் நாய். அர்த்தசாமப் பூசை முடிந்து கோயில் திறப்பை வைரவர் சந்நிதியில் வைத்துச் செல்வது பல சிவாலயங்களில் வழக்கம். இருக்கு வேதத்தில் ஒளித்து வைக்கப்பட்ட பசுக்களைத் தேடிக் கண்டுபிடித்தது இந்திரனின் சரமை என்னும் பெண் நாய். மகாபாரதத்தின் முடிவில், தன்னைப் பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மாட்டேன் என்று தருமர் மறுத்தார். அந்த நாயே தரும தேவதை என்பது பின்னர் தெரிந்தது. அடைக்கலமாக வந்ததைக் கைவிடுவது அறமன்று என்பதே அங்கே சோதிக்கப்பட்டது.

இதனால் கருவறை வாசல் வரை நாயைக் கொண்டுவரலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆகம விதிகளும் குருக்களின் சொல்லும் எமக்கு முக்கியம். "நாய்" என்ற சொல்லைக் கேட்டதுமே ஒரு அடியாரை வாசலிலிருந்து திருப்பி அனுப்ப எமது மரபு இடம் தரவில்லை என்பதே எமது கருத்து.

3. துணைநாய் எப்படி உருவானது?

முதலாம் உலகப் போரில் நச்சுப் புகையாலும் குண்டுக் காயத்தாலும் பல்லாயிரம் போர்வீரர் பார்வை இழந்தனர். அவர்களுக்காக ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் 1916இல் வழிகாட்டி நாய்களுக்கான முதலாவது பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 1929இல் 'சீயிங் ஐ' நிறுவனம் உருவானது. இந்நாட்டில் மியூரியல் குரூக், ரோசமண்ட் பொண்ட் என்னும் இரு பெண்மணிகளின் முயற்சியால், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள வாலசி நகரில் 1931இல் முதல் நான்கு நாய்கள் பயிற்சி முடித்து வெளிவந்தன. அவற்றின் பெயர்கள் ஜூடி, ஃபிளாஷ், ஃபோலி, மெட்டா. பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்கள் சங்கம் 1934இல் அமைக்கப்பட்டது. செவிப்புலன் குறைந்தோருக்கான நாய்கள் 1982இலும், உடல் இயலாதோருக்கான நாய்கள் 1988இலும் தனித்தனி அறநிலையங்களால் பயிற்றுவிக்கத் தொடங்கப்பட்டன.

வழிகாட்டி நாய் எல்லா இடமும் தானே அறிந்து அழைத்துப் போகும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. போகும் வழியை மனத்தில் வைத்திருப்பவர் மனிதர். "இடம்", "வலம்", "நேரே" என்று அவர் சொல்ல, நாய் நடைபாதை விளிம்பில் நிற்கும். எதிரே வரும் தடைகளைச் சுற்றிச் செல்லும். படி, கதவு, இருக்கை ஆகியவற்றைக் கண்டு காட்டும். போக்குவரத்து விளக்கின் நிறத்தை நாய் வாசிப்பதில்லை. எப்போது கடப்பது என்று ஒலியைக் கேட்டு முடிவு செய்பவரும் மனிதரே. ஆனால் வாகனம் வரும்போது "முன்னே போ" என்றால் நாய் போகாது. ஆபத்து நேரத்தில் கட்டளையை மறுக்கவும் அதற்குக் கற்பிக்கப்படுகிறது. வுட்கிரேஞ்ச் ரோட்டின் கடைத்தெருவையும் ரொம்ஃபர்ட் ரோட்டின் வாகன நெரிசலையும் அறிந்த நாம், இது எவ்வளவு பெரிய வேலை என்பதை உணரலாம்.

குட்டி ஏறத்தாழ எட்டு வாரத்தில் ஒரு தொண்டர் வீட்டுக்குச் செல்கிறது. ஓராண்டுக்கு மேல் அங்கே வளர்ந்து பேருந்து, ரயில், சந்தை, படிக்கட்டு எல்லாவற்றுக்கும் பழகுகிறது. அதன் பிறகே முறையான பயிற்சி. பின்னர் ஒருவரின் நடை வேகம், உயரம், வாழ்க்கை முறை ஆகியவற்றைப் பார்த்து நாயைப் பொருத்துகிறார்கள். இருவரும் சேர்ந்தே பயிற்சி பெறுகிறார்கள். பத்து வயதை அண்மிக்கும்போது நாய்க்கு ஓய்வு. இவ்வளவும் பெரும்பாலும் பொதுமக்களின் நன்கொடையில் நடப்பதால், பெறுபவர் செலுத்துவது பெயரளவான ஒரு சிறு தொகையே. முழுப் பார்வையும் இழந்திருக்க வேண்டும் என்பதில்லை. மேல் வயது வரம்பும் இல்லை.

செவித்துணை நாய் கதவு மணியோ அலாரமோ ஒலித்தால் தன் எசமானரைத் தொட்டு, ஒலி வரும் இடத்துக்கு அழைத்துச் செல்லும். இயலாதோருக்கான நாய் விழுந்த பொருளை எடுத்துத் தரும், கதவைத் திறக்கும், சலவை இயந்திரத்திலிருந்து துணியை இழுத்தெடுக்கும். இன்னும் சில நாய்கள், முதலாம் வகை நீரிழிவு உள்ளவரின் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும்போது உடலின் மணம் மாறுவதை உணர்ந்து எச்சரிக்கும்.

4. கடைக்காரரும் டாக்ஸி ஓட்டுநரும் அறிய வேண்டியது

எமது மக்களில் பலர் கடை நடத்துகிறார்கள், உணவகம் வைத்திருக்கிறார்கள், மினிகாப் ஓட்டுகிறார்கள். ஆகவே இப்பகுதியைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி டாக்ஸியோ மினிகாப்போ துணைநாயோடு வருபவரை ஏற்ற மறுக்கக் கூடாது. மேலதிகக் கட்டணமும் கேட்கக் கூடாது. மீறினால் 1,000 பவுண்டு வரை தண்டம் விதிக்கப்படலாம். ஓட்டுநருக்கு நாய் ஒவ்வாமை போன்ற மருத்துவக் காரணம் இருந்தால், உரிமம் வழங்கும் அதிகாரத்திடம் விலக்குச் சான்றிதழ் பெற வேண்டும். லண்டனில் அது லண்டன் போக்குவரத்துத் துறை. சமயக் காரணம் விலக்காகாது.

கடைகளும் உணவகங்களும் அவ்வாறே. "சாப்பாட்டுக் கடைக்குள் நாய் வரக்கூடாது என்பது சுகாதாரச் சட்டம்" என்று சிலர் நினைக்கிறார்கள். வாடிக்கையாளர் இருக்கும் பகுதிக்குத் துணைநாய் வருவதை அச்சட்டம் தடுக்கவில்லை. அடையாள அட்டையோ மேலங்கியோ கட்டாயம் என்றும் சட்டம் சொல்லவில்லை.

வேலையில் இருக்கும் நாயைத் தடவ வேண்டாம், கூப்பிட வேண்டாம், தின்பண்டம் கொடுக்க வேண்டாம். அதன் கவனம் சிதறினால் ஆபத்து எசமானருக்கே. பிள்ளைகளுக்கு இதை இப்போதே சொல்லிக் கொடுங்கள். பயந்து அலறும் பழக்கத்தையும் மெல்ல மாற்றுங்கள். வழிகாட்டி நாயின் மார்புப் பட்டையில் சிவப்பும் வெள்ளையும் கட்டங்களாகக் கண்டால், அவருக்குப் பார்வையோடு செவிப்புலனும் குறைவு என்று அறிந்துகொள்ளலாம்.

5. கோயிலில் என்ன செய்யலாம்?

இயலாதோருக்கு நியாயமான வசதி செய்து கொடுக்கும் கடமையை இந்நாட்டுச் சட்டம் பொதுச் சேவை செய்யும் எல்லா அமைப்புகளுக்கும் விதிக்கிறது. கோயில்களும் அதில் அடங்கும். பிற சமயத்தாரும் இதே சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள். லெஸ்டர் நகரில் 2008இல் ஒரு பள்ளிவாசல், தம் மார்க்க அறிஞரின் தீர்ப்பைப் பெற்று, வழிகாட்டி நாய் உள்ளே வந்து தொழுகை மண்டபத்துக்கு வெளியே தனி இடத்தில் காத்திருக்க ஏற்பாடு செய்தது. தொழுகை இடத்தின் தூய்மையும் காக்கப்பட்டது, அடியாரும் உள்ளே வந்தார்.

எமது பரிபாலன சபைகளும் குருக்கள்மாரும் கலந்து பேசி முன்கூட்டியே ஒரு முடிவு எடுத்து வைக்கலாம். வாசலில் ஒருவர் வந்து நிற்கும்போது தொண்டர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொல்வதுதான் மனத்தைப் புண்படுத்துகிறது. எமது பரிந்துரைகள் இவை:

முதலாவது, வெளி மண்டபத்தில் பாதணி வைக்கும் இடத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி, அமைதியான ஓர் இடத்தை நாய்க்கு ஒதுக்கி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைக்கலாம். நாயைப் பிரித்து வைப்பது எசமானரின் சம்மதத்தோடு மட்டுமே நடக்க வேண்டும்.

இரண்டாவது, சந்நிதிக்கு அழைத்துச் செல்லப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் வேண்டும். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுப்பது தவறு. உங்கள் பெயரைச் சொல்லி, உங்கள் முழங்கையை அவர் பிடிக்கக் கொடுத்து, அரை அடி முன்னே நடவுங்கள். படி வந்தால் ஏறுபடியா இறங்குபடியா என்று சொல்லுங்கள். இருக்கையில் அமர்த்தும்போது அவர் கையைக் கதிரையின் முதுகில் வையுங்கள். விட்டுப் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள்.

மூன்றாவது, தீபம் வரும்போது "தீபம் வந்திருக்கிறது" என்று மெதுவாகச் சொல்லலாம். வெப்பத்தை உணர்ந்து அவர் கை நீட்டுவார். விபூதி, தீர்த்தம் எதுவென்று சொல்லிக் கையில் இடலாம். அன்னதானத்தில் "சோறு நடுவில், பருப்பு வலப்பக்கம்" என்று சொன்னால் போதும், அவர் தாமே உண்பார்.

6. பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்

எல்லோருக்கும் நாய் பொருந்தாது. பாரிசவாதத்தால் படுக்கையில் இருப்பவருக்கும் மறதி நோய் உள்ளவருக்கும் மனிதத் துணையே வேண்டும். "அம்மாவை நாங்களே பார்ப்போம்" என்பது நல்ல மனம். ஆனால் அந்த "நாங்கள்" பெரும்பாலும் வீட்டில் உள்ள ஒரு பெண்தான். பகலில் வேலை, இரவில் பராமரிப்பு. மூன்று ஆண்டில் அவருக்கு முதுகு வலி, உறக்கமின்மை, மனச்சோர்வு. பிறகு பார்க்கப்பட வேண்டியவர் இருவர்.

அன்பு வேறு, பயிற்சி வேறு. கட்டிலிலிருந்து ஒருவரைத் தூக்குவதற்கு முறை உண்டு. அக்குளில் கைகொடுத்து இழுத்தால் தோள் மூட்டு பழுதாகலாம். நெடுநேரம் ஒரே பக்கம் படுத்தால் படுக்கைப் புண் வரும். குதிக்காலிலும் இடுப்பிலும் தோல் சிவக்கிறதா என்று நாளும் பார்க்க வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவருக்குப் படுத்தபடி கஞ்சி பருக்கினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். மறதி நோய் உள்ளவர் "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று சொன்னால் வாதாடாமல், அந்த வீட்டைப் பற்றியே பேச விட்டு அமைதிப்படுத்த வேண்டும். இவற்றைக் கற்றவரே பயிற்சி பெற்ற பராமரிப்பாளர். நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் மறந்து தாய்மொழி மட்டும் எஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. ஆகவே தமிழ் பேசும் பராமரிப்பாளரைக் கேட்பது ஆடம்பரமன்று. எமது இளைஞர்கள் இத்தொழிலை மதித்துக் கற்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடற்படைத் தேர்வின்போது 1975இல் முதுகுத்தண்டில் காயமுற்று, கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் இதைத் தொடங்கினார். தமக்கு வைத்தியம் செய்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே சங்கத்துக்கு இட்டார். கிராமத்தவரையே பயிற்றுவித்து, இயலாத பிள்ளைகளின் வீடு தேடிப் போகச் செய்ததால் இச்சங்கம் பெயர் பெற்றது. உதவி பெறுபவர் உதவி செய்பவராகவும் இருக்கலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

7. இங்கே எப்படிப் பெறுவது?

நியூஹாம் கவுன்சிலின் முதியோர் சமூகப் பராமரிப்புப் பிரிவை அழைத்து, பராமரிப்புத் தேவை மதிப்பீடு கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, கையில் பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேவை உள்ளதாகத் தோன்றும் எவருக்கும் இம்மதிப்பீடு உண்டு. வீட்டில் பராமரிக்கும் உறவினருக்கும் தனி மதிப்பீடு உண்டு. அதைக் கேட்க மறவாதீர்கள். மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள். பேரப்பிள்ளையை வைத்து மொழிபெயர்த்தால், குளிப்பதிலும் கழிவறையிலும் உள்ள சிரமத்தை மூத்தவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

உதவி ஒப்புக்கொள்ளப்பட்டால் பணத்தை நேரடியாகப் பெற்று, நீங்களே பராமரிப்பாளரை அமர்த்தும் முறையும் உண்டு. ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினருக்கு அப்பணத்தைக் கொடுக்கப் பொதுவாக இடமில்லை. கவுன்சில் அவசியம் என்று கருதினால் மட்டும் விதிவிலக்கு. நிறுவனம் மூலம் எடுத்தால், பராமரிப்புத் தர ஆணையம் அதற்குக் கொடுத்துள்ள தரத்தை முதலில் பாருங்கள். வீட்டில் வைத்துப் பெறும் பராமரிப்புக்குக் கட்டணம் கணக்கிடும்போது, நீங்கள் குடியிருக்கும் வீட்டின் பெறுமதி சேர்க்கப்படுவதில்லை. இந்த உண்மை தெரியாமலே பலர் பயந்து விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள்.

அரச ஓய்வூதிய வயதை எட்டியவருக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்னும் கொடுப்பனவு உண்டு. வருமானமோ சேமிப்போ பார்க்கப்படுவதில்லை. 2025-26 நிதியாண்டில் இது தேவைக்கு ஏற்ப வாரம் 73.90 அல்லது 110.40 பவுண்டு. 

கண்ணைப் பற்றி ஒரு சொல். எம்மவரிடையே நீரிழிவு மிகுதி. 12 வயதுக்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளருக்கு விழித்திரைப் பரிசோதனை இலவசம். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ பிள்ளைக்கோ கண்நீர் அழுத்த நோய் இருந்தால், 40 வயது முதல் இலவசக் கண் பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதத்தை மேசையில் போட்டு வைக்காதீர்கள்.

8. சிந்திக்கச் சில வினாக்கள்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் வீட்டிலும் இவ்வினாக்களைப் பேசிப் பாருங்கள்.

அ. தண்டியடிகள் யாரையும் கைப்பிடித்து அழைக்கக் கேளாமல் கயிறு கட்டியது ஏன்?

ஆ. வழிகாட்டி நாய் எப்போது கட்டளையை மறுக்கும்? அது கீழ்ப்படியாமையா, கடமையா?

இ. எமது வீட்டில் உதவி வேண்டியவர் யார்? அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டோமா?

ஈ. கடந்த ஓராண்டில் கோயிலுக்கு வராமல் நின்றுபோன மூத்தவர் யார்? அவரை அழைத்து வர எது தேவை?

இறுதி வினாவுக்கு விடையாக ஒருவர் பெயர் உங்கள் மனத்தில் தோன்றியிருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முன் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். எல்லா அடியாரும் நலமுடன் திருச்சந்நிதி வந்து சேர எல்லாம்வல்ல முருகப்பெருமான் திருவருளை வேண்டுகிறோம்.